புள்ளிக் கோட்டில் ஓர் அறை

வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது அக்காவின் மேசைக்குத்தான் போகும். கல்லூரிச் சேர்க்கையா, எரிவாயு இணைப்பா, பழுதாகிப்போன கைப்பேசிக்கு உத்தரவாதம் கேட்கும் கடிதமா, எதுவானாலும் தம்பி அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சூடான பாத்திரத்தை இறக்க இடம் தேடுகிறவனைப் போல ஓடிவருவான். "அக்கா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பித் தருவாள். அவனுடைய கல்யாணத்தைப் பதிவு செய்த படிவத்தைக்கூட அவள்தான் நிரப்பினாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டதோடு சரி.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலையில், அக்காவின் அறையை இடிப்பதற்கான அனுமதிப் படிவத்தையும் அவன் அக்காவிடமே கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஏதோ இடிக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அபார்ட்மென்ட் சங்கத்து ஆபீஸ்ல திங்கக்கிழமைக்குள்ள கேக்குறாங்கக்கா. வேலை ஆரம்பிக்கணும்ல."

"வேலையின் தன்மைன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"வீட்டை மாடர்னா மாத்துறோம்னு எழுது."

"அப்படி எழுதினா வாங்க மாட்டான். தரையா, குழாயா, சுவரா?"

"தரை இருக்கு. அப்புறம் சுவர்... ஒரே ஒரு சுவர்தான்."

"எந்தச் சுவர்?"

"பிளான்ல இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுத் தம்பி பால்கனிப் பக்கம் போனான். வழக்கமாக அவன் அடுப்படிப் பக்கம்தான் போவான்.

படிவத்தின் அடியில் வண்ணப் படங்கள் ஆறு இருந்தன. அவற்றை வீடே ஏற்கெனவே பார்த்துப் பார்த்து மயங்கியிருந்தது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, கால் எங்கே என்று தேடவைக்கும் மேசை, கைப்பிடியே இல்லாத அலமாரி, நீளமான சோபா, ஒரே ஒரு குவளையில் ஒரே ஒரு காய்ந்த குச்சி. "அந்தக் குச்சிக்குத் தண்ணி ஊத்தணுமாம்மா?" என்று தம்பி மகள் கேட்டதற்கு, "அது அப்படித்தான் இருக்கணும். உனக்கென்ன தெரியும்" என்று தாய் வாயை அடைத்திருந்தாள். வந்த டிசைனர் பேச்சுக்குப் பேச்சு "இதைக் காலியா விடுங்க, அதைக் காலியா விடுங்க" என்றதால், மகள் அவருக்குக் 'காலி சார்' என்று பெயர் வைத்துவிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாலும் வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு யாராலும் பிய்க்க முடியாது.

அக்கா படங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு பிளானை விரித்தாள். குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளை வரைவது அவள் வேலை. இருபத்துநான்கு வருடமாக ஊரின் அடிவயிற்றைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருப்பவள். மற்றவர்களுக்குப் படம் பேசும், அவளுக்குக் கோடு பேசும். முழுக் கோடு என்றால் இருக்கிறது. புள்ளிக் கோடு என்றால் எடுத்துவிடப் போகிறார்கள். அவள் அலுவலகத்தில் துருப்பிடித்த குழாய்க்கும், தோண்டி எறியவேண்டிய இணைப்புக்கும்தான் புள்ளிக் கோடு போடுவார்கள்.

ஹாலின் கிழக்குச் சுவர் புள்ளிக் கோடாக இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது, பத்துக்கு ஒன்பது அடியில் அவளுடைய அறை. அந்த இடத்தில் சோபாவின் மீதிப் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே அழகான சின்ன எழுத்தில், 'அமரும் பகுதி, விரிவாக்கம்'.

அக்கா ஸ்கேலை எடுத்து அளந்தாள். ஒருவேளை கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி அளந்தாள். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா."

அவன் வந்தான். பின்னாலேயே அவன் மனைவியும் வந்து கதவோரம் நின்றாள். கையில் துடைக்கிற துணி, துடைக்க ஒன்றும் இல்லை.

"இந்தப் பிளான்ல நான் எங்கடா இருக்கேன்?"

"ஓப்பன் பிளான்க்கா. எல்லாரும் எல்லா இடத்துலயும் இருக்கலாம்."

"ராத்திரியில எங்க படுக்கிறது?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் ஓரடி முன்னால் வந்தாள். "அதெல்லாம் யோசிச்சாச்சு அண்ணி. சோபாவுக்குள்ளயே கட்டில் இருக்கு. இழுத்தா கட்டில், தள்ளினா சோபா. உங்க துணிமணிக்குக் குட்டி ரூம்ல ரெண்டு தட்டு. உங்களுக்குத்தான் சாமானே கிடையாதே."

"டிவி பாக்குறவங்க எந்திரிச்ச பிறகு இழுக்கணும். காலையில காப்பி குடிக்க வர்றதுக்குள்ள தள்ளணும். அப்படித்தானே?"

"நீங்கதான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சிடுறீங்களே."

அக்கா படிவத்தைப் பார்த்தாள். பெயர், வீட்டு எண், தளம் எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. கீழே இரண்டு கட்டங்கள், உரிமையாளர்கள் கையொப்பம். அப்பா இந்த வீட்டை இருவர் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். தம்பி தன் கட்டத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தான், மசி காய்ந்திருந்தது. மற்ற கட்டம் அவளுக்கு.

அவள் பேனாவை மூடினாள். மூடிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த டிசைனரை நாளைக்கு வரச்சொல்லு. இந்த ரூமுக்கு வரச்சொல்லு."

*

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பலகைக் கட்டில். சுவரோடு மடிகிற ஒரு மேசை. ஒரு நாற்காலி. சுவருக்குள் பதித்த ஓர் அலமாரி, அதற்குக் கதவு உண்டு, கதவு எப்போதும் சாத்தியிருக்கும். சுவரில் ஓர் ஆணி கிடையாது. தரையில் விரிப்பு கிடையாது. காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஆறுக்குள் மெத்தையைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். மேசையை மடித்துவிடுவாள். எட்டரைக்கு அவள் அலுவலகம் கிளம்பும்போது அறையில் மீதம் இருப்பது வெளிச்சம் மட்டும்தான்.

இதில் துறவறம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் அவள் தலைக்கு மேல் சுருட்டிய வரைபடங்கள் கூரையை முட்டும். நாற்காலியைப் பின்னால் நகர்த்தினால் ஒரு கட்டு சரியும், முன்னால் நகர்த்தினால் இன்னொன்று. நாளெல்லாம் அந்தக் குப்பைக்குள் கோடு தேடிய கண்ணுக்கு, வீட்டுக்கு வந்தால் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. அப்படி ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து, பதினைந்து வருடத்தில் அவள் சேர்த்த சொத்து அந்த வெறுமை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டிசைனர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. அறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார், மேசையை இறக்கினார், மறுபடி மடித்தார். கட்டிலின் விளிம்பில் விரலால் தடவினார்.

"மேடம், இது யார் பண்ணினது?"

"எது?"

"இந்த ரூம். வெளிச்சம் இடது பக்கமா மேசை மேல விழுது. ஒரு பொருள்கூட அதிகமா இல்ல. நாங்க கஸ்டமர்கிட்ட ஆறு மாசம் சண்டை போட்டு வாங்குற இடம் மேடம் இது."

"யாரும் பண்ணல. நான் இருக்கேன், அவ்வளவுதான்."

அவர் முகம் மாறியது. "நீங்க இங்கயா இருக்கீங்க?"

"அளக்க வந்தப்ப உள்ள வந்தீங்களா?"

"வந்தேன். மூணு வாரம் முன்னாடி, ஒரு புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும்." அவர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். மறைக்கத் தெரியாத மனிதர், பக்கத்தை அப்படியே திருப்பிக் காட்டினார். 'கிழக்கு அறை. காலி. பயன்பாட்டில் இல்லை.'

கதவுக்கு வெளியிலிருந்து குட்டி ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பா தும்மலா தெரியவில்லை.

"யாரையாவது கேட்டீங்களா?"

"கேக்கல மேடம். பாத்தேன், எழுதிட்டேன்."

"காலியா விடு, காலியா விடுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. ஒருத்தி நெஜமாவே காலியா விட்டு வெச்சிருந்தா, ஆளே இல்லைன்னு எழுதிட்டுப் போவீங்களா?"

டிசைனர் தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அந்நியன், பார்த்ததை எழுதினான். அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தெரியாது. சரி. இந்தப் பிளான் வந்து பத்து நாளாச்சு. உங்களுக்குமா தெரியாது?"

தம்பி ஜன்னல் தாழ்ப்பாளை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது அது. பதில் சொன்னது அவன் மனைவிதான்.

"சொல்லணும்னுதான் நெனச்சேன் அண்ணி. ஆனா அந்தப் படம்... அவ்வளவு பெரிய ஹால். கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து நாலு பேர் வந்தா முட்டி இடிக்கிற ஹால்தானே எனக்கு. சொல்லிட்டா படம் போயிடுமேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அந்த உண்மை அக்காவுக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் தம்பி மனைவி உண்மையைச் சொன்னாள் என்பதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். தம்பி அதைக்கூடச் செய்யவில்லை. அவன் வேறு பாதையில் புகுந்தான்.

"அவர்மேல என்ன தப்பு? உன் ரூம்ல நாலு சாமான் கிடந்திருந்தா ஆள் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்ல?"

"அப்ப நான் இருக்கேன்னு காட்ட நாற்காலி மேல அழுக்குத்துணியைப் போட்டு வைக்கணுமாடா?"

"விதண்டாவாதம் பண்ணாத. சோபாவுக்கு ஆர்டர் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை ஆளுங்க வர்றாங்க. ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து."

"போட மாட்டேன்."

அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. குட்டி வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

திங்கள்கிழமை தம்பி பேசவில்லை. செவ்வாய்க்கிழமையும் பேசவில்லை. பேசவேண்டியதை மனைவியிடம் உரக்கச் சொன்னான், சுவர் கேட்கட்டும் என்று. "சில பேருக்கு நாம நல்லா இருந்தா பிடிக்காது." அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "சில பேருக்குச் சுவர் இருக்கிறதால பேசவாவது முடியுது" என்றாள்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால், அறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஜன்னலைச் சுற்றி மினுக்கு விளக்குகள். கட்டிலில் மூன்று தலையணை, அதன்மேல் ஒரு பெரிய பொம்மைக் கரடி. மூலையில் பிளாஸ்டிக் செடி. சுவரில் ஒட்டுநாடா போட்டு இரண்டு படங்கள். நடுவில் குட்டி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அத்தை, சாட்சி! இப்ப காலி சார் வந்து பாக்கட்டும். கரடிக்கு என்ன பதில் சொல்வார்?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாரம் பூராவும் சிரிக்காத சிரிப்பு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. பிறகு பையை வைத்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக ஒவ்வொன்றையும் தூக்கிக் குட்டியின் அறைக்குக் கொண்டுபோனாள்.

"நல்லாதானே இருந்துச்சு அத்தை."

"கரடி ரொம்ப நல்ல கரடிடி. ஆனா எனக்காக அது சாட்சி சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

"சும்மா நாலு நாளைக்கு வெச்சுட்டு எடுத்துடலாமே."

"நாலு நாள் வெச்சா, சாமான் இருந்தாத்தான் ஆளுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை?"

புதன்கிழமை சித்தப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. குடும்பத்தில் யாராவது முறுக்கிக்கொண்டால் தளர்த்துவதற்கு அவரைத்தான் முடுக்கிவிடுவார்கள்.

"என்னம்மா, சின்ன விஷயத்தை இப்படி இழுத்துக்கிட்டுப் போறியாமே."

"யார் சின்ன விஷயம்னு சொன்னது சித்தப்பா?"

"நீ தனி ஆளு. உனக்கு எதுக்கு பத்துக்கு ஒன்பது ரூம்?"

"தனி ஆளுக்கும் காலு ரெண்டுதான் சித்தப்பா. மடக்கியே வெச்சுக்கணுமா?"

"அப்படிச் சொல்லல. அவங்க குடும்பம்..."

"குடும்பத்துல நான் எந்தக் கணக்கு? உங்க வீட்டுல சோபாவுல யார் படுக்கிறா?"

"எங்க வீட்டுல சோபாவே இல்லியேம்மா" என்று சித்தப்பா தடுமாறினார். பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தொலைபேசியை வைத்த பிறகு அக்கா மேசையை இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. நாற்பத்தேழு வயதில், இதே வீட்டில், இவர்களோடுதான் இன்னும் எத்தனையோ வருடம் சாப்பிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக் காலையே எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள். அதற்கு விலை, ராத்திரியில் இழுத்துக் காலையில் தள்ளுகிற ஒரு பொருளாக அவள் ஆவது. அதை நினைத்ததும் பயம் போய்விட்டது. எழுந்து மேசையை இறக்கி, அலுவலக வரைபடத்தை விரித்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை ஆட்கள் வரவில்லை. டிசைனர் மட்டும் மாலையில் வந்தார், கையில் புதுப் பிளானோடு. சோபாவைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும், கடைக்காரன் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டதாகவும் சொன்னார். கிழக்குச் சுவர் முழுக் கோடாக இருந்தது. அக்கா அதை விரலால் தொட்டே பார்த்தாள்.

"உங்க ரூம் அப்படியே இருக்கும் மேடம். ஒரு செங்கல் அசையாது."

"நன்றி."

"ஹாலும் பெருசா தெரியும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்" என்று அவர் ஒரு வண்ணப் படத்தை எடுத்து வைத்தார். அவர் குரலில் தூங்காமல் உழைத்தவனின் பெருமை இருந்தது.

கிழக்குச் சுவர் முழுவதும் மெல்லிய மரப் பட்டைகள், மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளியில். மழை நேராக இறங்குவதுபோல் இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு தடங்கல் இல்லை. கோடு போட்டே பிழைக்கிறவள் அக்கா. அந்த ஒழுங்கைப் பார்த்து அவளுக்கே ஒரு நிமிடம் கண் சொக்கியது.

"அழகா இருக்கு" என்றாள் மனதார. பிறகு கேட்டாள். "கதவு எங்க?"

"அதுதான் மேடம் விஷயமே!" டிசைனர் படத்தின் வலப்பக்கம் விரலை வைத்தார். "இங்க. பட்டையோட பட்டையா சேந்துடும். நிலை கிடையாது, கைப்பிடி கிடையாது, கீல் உள்பக்கம். லேசா தள்ளினா திறக்கும். மூடினா சுவர்தான்."

தம்பி மனைவி கைகொட்டினாள். "ரூமும் இருக்கு, இருக்கிறதே தெரியாது! இதைவிட என்ன வேணும் அண்ணி?"

தம்பி ஐந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தான். "போதுமாக்கா? நீ கேட்ட ரூம் உனக்குக் கிடைச்சாச்சு. இப்ப போடு கையெழுத்தை."

எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். பேனா மேசைமேல் இருந்தது. இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் தடவை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். இப்போது கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது?

அப்படியே சொன்னாள்.

"வேண்டாம். கதவு கதவா தெரியணும்."

"அய்யய்யோ" என்றான் தம்பி. "ஆரம்பிச்சிட்டா."

"மேடம், ரூம் உள்ள ஒண்ணுமே மாறாது" என்றார் டிசைனர். "வெளிய பாக்குறவங்களுக்கு மட்டும்தான்..."

"வெளிய பாக்குறவங்களுக்குத்தான் கதவு. உள்ள இருக்கிற எனக்குத்தான் நான் இருக்கேன்னு தெரியுமே."

"ஒரு நிலையும் கைப்பிடியும் வந்தா அந்தக் கோடு உடைஞ்சிடும் மேடம். சுவரோட உயிரே அதுதான்."

"நானும் கோடு போடுறவதான் சார்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "தெருவுக்கு அடியில குழாய் போகுது. நடுநடுவுல வால்வு இருக்கு. படத்துல வால்வைக் குறிக்காம விட்டா கோடு ரொம்ப அழகா இருக்கும், நீட்டா, தடங்கல் இல்லாம. ஒருநாள் குழாய் வெடிச்சு, தண்ணியை நிறுத்தணும்னு ஓடிவருவாங்க. வால்வு எங்கன்னு தெரியாது. தெருவையே தோண்டுவாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அப்படி வரைஞ்சார். மூணு நாள் அந்தத் தெருவே குளம். ஆள் இருக்கிற இடத்தை மறைச்சுட்டு வர்ற அழகு எனக்கு வேண்டாம்."

"உனக்கு என்னதான்க்கா வேணும்?" தம்பி கத்தினான். "எல்லாம் உன் இஷ்டப்படிதான் நடக்கணுமா?"

"இருபது வருஷத்துல எது என் இஷ்டப்படி நடந்துச்சு, ஒண்ணு சொல்லு. நான் இப்பவே கையெழுத்து போடுறேன்."

அவன் வாயைத் திறந்தான். கூரையைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். அவன் தேடுவதை எல்லோரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையிலேயே தேடினான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் வாயை மூடிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

டிசைனர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரே அளவாக இறங்கிய அந்தப் பட்டைகளின் நடுவே ஒரு செவ்வகம் வரைந்தார். நான்கு கோடு, நிலை. ஒரு சின்னக் கோடு, கைப்பிடி.

"இப்படியா மேடம்?"

"கைப்பிடி இன்னும் கொஞ்சம் பெருசா."

அவர் பெரிதாக்கினார்.

"கீழ எழுதுங்க. யார் இருக்காங்கன்னு."

"படுக்கையறை மூணுன்னு எழுதுவோம் வழக்கமா."

"உங்க நோட்டுல 'பயன்பாட்டில் இல்லை'ன்னு எழுதினீங்களே, அதை அடிச்சிட்டு, அங்கயும் எழுதுங்க."

அவர் குறிப்பேட்டை எடுத்து அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே, 'வீட்டு உரிமையாளர் ஒருவர் வசிக்கிறார்' என்று எழுதி, படத்தின் கீழேயும் அதையே எழுதிக் காட்டினார். அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.

*

வேலை ஐந்து வாரம் நடந்தது. மரப் பட்டைகளை அடிக்க வந்த தச்சர், கதவு வேலைக்கு முன் அக்காவைக் கூப்பிட்டு, "எந்தக் கையால திறப்பீங்கம்மா?" என்று கேட்டார். அந்த வீட்டு வேலையில் யாரும் தானாக வந்து அவளைக் கேட்ட முதல் கேள்வி அது. வலது கை என்றாள். கைப்பிடியை அவளே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். ஒரு சாண் நீள இரும்புக் கைப்பிடி, பூவேலை இல்லாதது, பிடித்தால் கை நிறைவது. கதவுக்கு என்ன நிறம் என்று டிசைனர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது கருநீலம் என்றாள். அவர் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

தம்பி வேலை முடியும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதம் வாகனக் காப்பீட்டுப் படிவத்தைத் தானே நிரப்பினான். அது இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவையும் அவனேதான் எழுதினான். அக்கா கேட்கவும் இல்லை, கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை.

புது ஹாலைப் பார்க்க முதல் ஞாயிற்றுக்கிழமையே தம்பி மனைவியின் அலுவலகத் தோழிகள் நான்கு பேர் வந்தார்கள். அக்கா தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். புதுக் கதவு கனமானதுதான், ஆனாலும் பேச்சு தெளிவாகக் கேட்டது. தரையைப் புகழ்ந்தார்கள், மேசைக்குக் கீழே குனிந்து காலைத் தேடினார்கள், சோபாவில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் என்னமா இருக்கு! கண்ணே பட்டுடும். ஆனா அந்த நீலக் கதவு மட்டும் ஏன்டி திருஷ்டிப் பொட்டு மாதிரி? மறைச்சிருக்கலாமே."

"மறைக்கலாம்னுதான் சொன்னாங்க" என்றாள் தம்பி மனைவி. குரலில் இன்னும் ஆறாத ஒரு கடுப்பு இருந்தது. "அது எங்க அண்ணி ரூம்."

"ஓ, நான் சாமான் போட்டு வைக்கிற ரூம்னு நெனச்சேன். பாக்கலாமா? எப்படிப் பண்ணியிருக்காங்க?"

சோபாவிலிருந்து யாரோ எழுந்த சத்தம், காலடிகள். கைப்பிடி வெளியிலிருந்து கீழே இறங்கியது. கதவு ஒரு கை அகலம் திறந்தது, அதற்குள் ஒரு முகம் நுழைந்தது. சுற்றிப் பார்த்தது. பார்க்க ஒன்றும் இல்லை. கட்டில், நாற்காலி, வெளிச்சம், நாற்காலியில் புத்தகத்தோடு ஒருத்தி.

"அட, இங்க ஒண்ணுமே..." என்று தொடங்கிய முகம் பாதியில் நின்றது.

அக்கா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பெரிய வரவேற்பும் இல்லை.

"நான் இருக்கேன். உள்ள வரணும்னா தட்டிட்டு வாங்கம்மா."

பிறகு கதவை முழுவதுமாகச் சாத்தினாள், நிலையில் சரியாகப் பொருந்தும்வரை. அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

தட்டினார்கள்.